தேர் போய்விட்ட தெரு

வீடியோ கேம் துறையில் பணம் போடுவோரும், அந்தப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிர்வாகக் குழுக்களும் பெரிய விவாதமின்றி ஏற்றுக்கொண்டுவிட்ட கருத்து ஒன்று உண்டு: புதுமையைத் தேடிப் போவது சூதாட்டம், மக்கள் ஏற்கெனவே திரளாக ஆடிக்கொண்டிருக்கும் வகைமையில் நேர்த்தியான ஒரு விளையாட்டைச் செய்து சந்தையில் இறக்குவதே வியாபாரம். வகைமை என்னும் சொல் இங்கே விளையாட்டின் கதையையோ களத்தையோ சுட்டுவதன்று. ஆடுபவர் என்ன செய்கிறார், எதற்காகச் செய்கிறார் என்ற ஆடுமுறையை வைத்து விளையாட்டுகளைச் சேர்த்துக் கட்டும் குடும்பப் பெயர் அது. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, சுருங்கிக்கொண்டே வரும் எல்லைக்குள் ஒருவரையொருவர் வீழ்த்தி, கடைசியில் எஞ்சுபவர் வெல்வது ‘பேட்டில் ராயல்’. தனித்தனித் திறமை கொண்ட வீரர்களில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு இரு அணிகளாகச் சுட்டுக்கொள்வது ‘ஹீரோ ஷூட்டர்’. பல்லாயிரவர் ஒரே கற்பனை உலகில் இணையம் வழியாக ஆண்டுக்கணக்கில் உலவுவது ‘எம்எம்ஓ’. இவற்றுள் எது அந்தந்தக் காலத்தில் கொழிக்கிறதோ அதில் போய்ச் சேர்ந்துகொள்வது நிதானம் என்றும், சேராமல் ஒதுங்கி நிற்பது கலைஞனின் செருக்கு என்றும் சொல்லப்படுகிறது.

இக்கருத்தை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் அதன் பின்னால் நியாயமான அச்சம் இருக்கிறது. ஆக்டிவிஷன் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவதை எதிர்த்து அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் நடத்திய வழக்கில், சரியாக மறைக்கப்படாமல் வெளிவந்துவிட்ட சோனி நிறுவனத்தின் ஆவணங்களின்படி, ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்துக்கு ஏறத்தாழ 22 கோடி டாலரும் ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’ விளையாட்டுக்கு 21.2 கோடி டாலரும் செலவாகியிருந்தன. ஒரே பண்டத்தில் இத்தனை பணமும் நான்கைந்து ஆண்டு உழைப்பும் முடங்கும்போது, யாரும் பார்த்திராத ஒன்றில் அதைப் போடுவதற்குக் கை நடுங்குவது இயல்புதான். ஆனால் அச்சம் நியாயமானது என்பதனால் அது காட்டும் வழியும் நியாயமானதாகிவிடாது. இங்கே அச்சம் காட்டும் வழி, எதற்கு அஞ்ச வேண்டுமோ அதன் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

முதற்கோளாறு கணக்கில் இருக்கிறது. ஒரு வகைமை ஆண்டுக்கு இத்தனை நூறு கோடி ஈட்டுகிறது என்று ஓர் அறிக்கை சொல்லும்போது, அந்தத் தொகை அவ்வகைமையில் வெளிவந்த விளையாட்டுகளிடையே பரவலாகப் பிரிந்து கிடக்கிறது என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் தானாகவே எழுகிறது. நடப்பில் அது இரண்டு மூன்று விளையாட்டுகளின் வருமானமே. எஞ்சியவற்றின் பங்கு சில்லறை. வகைமையின் சராசரி வருமானத்தை ஈட்டும் விளையாட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது. உச்சியில் இருப்பவை இருக்கின்றன, மூடப்பட்டவை இருக்கின்றன. திருவிழாக் கூட்டம் ஒரு குறிப்பிட்ட தேரைப் பார்க்க வருகிறது. கூட்டம் பெரிதாக இருக்கிறதே என்று அதே தெருவில் இன்னொரு தேரைக் கட்டி நிறுத்துபவனுக்கு வடம் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. தேர்களின் மீது ஊருக்குப் பொதுவான ஆசை ஒன்று இருப்பதாக அவன் எண்ணியதுதான் பிழை.

இரண்டாவது கோளாறு இன்னும் ஆழமானது: வகைமை என்பதே காலத்தால் பின்வரும் பெயர். 1993 டிசம்பரில் ‘டூம்’ வெளிவந்தபோது, ஆடுபவரின் கண்வழியாகவே உலகைக் காட்டிச் சுட வைக்கும் விளையாட்டுகளுக்கு இன்று வழங்கும் பொதுப்பெயர் நிலைபெற்றிருக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகள் அவ்வகையில் வந்தவை அனைத்தும் ‘டூம் குளோன்’, அதாவது டூமின் நகல்கள், என்றே அழைக்கப்பட்டன. 1980இல் பல்கலைக்கழகக் கணினிகளில் எழுத்துக்குறிகளாலேயே வரையப்பட்ட ‘ரோக்’ என்ற விளையாட்டின் பெயர்தான் ‘ரோக்லைக்’ என்ற வகைமைப் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தனிப் படைப்பின் பெயர் பொதுப்பெயராக மாறுவதற்கு இடைப்பட்ட காலத்தில்தான் பணம் ஈட்டப்படுகிறது. பொதுப்பெயர் அறிக்கைகளில் ஏறி, நிர்வாகக் குழுவின் மேசைக்கு வந்து சேரும்போது, அது எந்தத் தேவையை நிறைவேற்றியதால் பெயர் பெற்றதோ அந்தத் தேவை ஏற்கெனவே நிறைவேறியிருக்கிறது. வகைமையைப் பார்த்து மக்களின் விருப்பத்தை அறிவது, எச்சில் இலைகளை எண்ணிப் பசியைக் கணக்கிடுவதைப் போன்றது.

‘டீமன்ஸ் சோல்ஸ்’ பெற்ற வரவேற்பை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பானிய ஸ்டுடியோவில் ஹிடெடாகா மியாசாகி இயக்கி, சோனியின் பணத்தில் 2009இல் வெளிவந்த அவ்விளையாட்டு, வழிகாட்டாமல், மன்னிக்காமல், ஆடுபவரை மீண்டும் மீண்டும் சாகடித்தது. ஆடுபவருக்கு வேலையை எளிதாக்குவதே விற்பனைக்கு வழி என்று துறை முழுவதும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சோனியின் ஸ்டுடியோக்களுக்குத் தலைவராக இருந்த ஷுஹெய் யோஷிடா அதன் முற்றுப்பெறாத வடிவத்தை ஆடிப்பார்த்து மிக மோசமானதென்று தள்ளியதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மேலை நாடுகளுக்கு அதைத் தன் பெயரில் கொண்டுசெல்ல சோனி முன்வரவில்லை. வட அமெரிக்காவில் அட்லஸ் என்ற சிறிய வெளியீட்டாளரே அதை இறக்கினார். அந்த ஆடுமுறைக்கு இன்று ‘சோல்ஸ்லைக்’ என்று பெயர். அதைச் செய்த ஸ்டுடியோ அதே வழியில் நடந்து 2022இல் வெளியிட்ட ‘எல்டன் ரிங்’ இரண்டரைக் கோடிப் பிரதிகளைக் கடந்தது. 2009இல் பிரபல வகைமைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்திருந்தால் டீமன்ஸ் சோல்ஸ் எந்தப் பத்தியிலும் இடம்பெற்றிருக்காது. இன்று அது பத்தியில் இருக்கிறது என்பதைக் கண்டு அதே ஆடுமுறையில் இறங்குபவர்களோ, மியாசாகி இல்லாமலேயே மியாசாகியோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாகக் காலம். நிர்வாகக் குழு பார்ப்பது இன்றைய கூட்டத்தை. விளையாட்டு வெளிவருவதோ ஐந்தாறு ஆண்டுகள் கழித்து. இந்த இடைவெளி எவ்வளவு கொடியது என்பதற்கு 2024ஆம் ஆண்டின் ‘கான்கார்ட்’ விளையாட்டைக் காட்டிலும் தெளிவான சான்று தேவையில்லை. ஹீரோ ஷூட்டர் வகைமைக்கு உலகளாவிய பெயர் வாங்கிக் கொடுத்த ‘ஓவர்வாட்ச்’ 2016 மே மாதம் வெளிவந்தது. கான்கார்டைச் செய்த ஃபயர்வாக் ஸ்டுடியோ 2018இல் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டில் பார்த்தால் அத்தெரு உண்மையிலேயே வெளிச்சமாகத்தான் இருந்தது. ஆனால் 2024 ஆகஸ்ட் 23 அன்று 40 டாலர் விலையில் கான்கார்ட் வெளிவருவதற்குள், ‘வாலரன்ட்’ 2020 முதல் இலவசமாகக் கிடைத்தது, ஓவர்வாட்ச்சின் இரண்டாம் வடிவமும் 2022 அக்டோபர் முதல் இலவசமாகிவிட்டது. ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டு அங்காடியில் கான்கார்டை ஒரே நேரத்தில் ஆடியவர்களின் அதிகபட்ச எண்ணிக்கை 697. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 6 அன்று, சோனி அதை நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அக்டோபர் இறுதியில் ஸ்டுடியோவும் மூடப்பட்டது. விளையாட்டின் துப்பாக்கிச் சண்டையை விமர்சகர்கள் பலர் பாராட்டவே செய்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நேர்த்தியாகச் செய்தால் போதும் என்ற வாதத்தை அதன் சொந்த நிபந்தனைகளிலேயே சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

கான்கார்ட் தனி விபத்தன்று. ‘லைவ் சர்வீஸ்’ என்று துறையில் அழைக்கப்படும் முறை, ஒருமுறை விற்று முடிக்காமல், வாரந்தோறும் மாதந்தோறும் புதிய ஆடை, புதிய களம், புதிய போட்டி என்று சேர்த்துக்கொண்டே போய், ஆடுபவரைப் பல்லாண்டுக்குப் பிடித்து வைக்கும் வணிகமுறை. 2026 மார்ச்சுக்குள் இத்தகைய விளையாட்டுகள் பன்னிரண்டை வெளியிடுவதாக சோனி 2022இல் முதலீட்டாளர்களிடம் அறிவித்தது. 2023 நவம்பரில் அந்த எண்ணிக்கையை ஆறாகக் குறைத்தது. பேட்மேன் விளையாட்டுகளால் புகழ்பெற்ற ராக்ஸ்டெடி ஸ்டுடியோ, ஒருவர் தனியே ஆடி முடிக்கும் கதை விளையாட்டுகளில் தனக்கிருந்த ஒப்பற்ற கைத்திறனை ஒதுக்கிவைத்து, இதே முறையில் செய்த ‘சூசைட் ஸ்குவாட்’ 2024 பிப்ரவரியில் வெளிவந்தபோது, வார்னர் பிரதர்ஸ் 20 கோடி டாலரை நட்டமாக எழுத நேர்ந்தது. வரலாற்றுப் போர்த்தந்திர விளையாட்டுகளில் நிகரில்லாதிருந்த கிரியேட்டிவ் அசெம்பிளி, ‘ஹையனாஸ்’ என்ற ஷூட்டரில் இறங்கி, வெளியிடுவதற்கு முன்பே 2023 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. தன் வயலில் விளைச்சல் இருக்கும்போதே பக்கத்து ஊர்ச் சந்தையில் கூவி விற்கப் போன கதைகள் இவை. போகச் சொன்னது நிதானம் என்ற பெயரில் வந்த அறிவுரை.

இந்த அறிவுரையை அதன் ஆதரவாளர்கள் முதன்முதலாகப் பெரிய அளவில் சோதித்தது எம்எம்ஓ விஷயத்தில். பிளிஸார்ட் நிறுவனத்தின் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2004 நவம்பரில் வெளிவந்து, 2010இல் மாதச் சந்தா செலுத்துவோர் தொகையை 1.2 கோடி வரை கொண்டுபோனது. அடுத்த பத்தாண்டில் பணமும் பெயரும் உள்ள நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்து மோதின. 2008இல் வந்த ‘வார்ஹாமர் ஆன்லைன்’ 2013 டிசம்பரில் மூடப்பட்டது. ஸ்டார் வார்ஸ் என்ற பெயரின் முழு பலத்தோடு 2011 டிசம்பரில் இறங்கிய ‘தி ஓல்ட் ரிபப்ளிக்’ மூன்றே நாளில் பத்து லட்சம் பேரைச் சேர்த்தது. ஆனால் ஓராண்டு நிறையும் முன்பே சந்தாவைக் கட்டாயமில்லாததாக்கி, இலவசமாக ஆடவிட வேண்டியதாயிற்று. 2014இல் வந்த ‘வைல்ட்ஸ்டார்’ 2018இல் மூடப்பட்டது. இப்பட்டியலில் இடம்பெற்றேயாக வேண்டிய இன்னொரு நிறுவனம் பிளிஸார்ட்: ‘டைட்டன்’ என்ற பெயரில் தனது வெற்றியைத் தானே பின்பற்றி, ஏறத்தாழ ஏழாண்டு உழைத்து, 2014இல் கைவிட்டுவிட்டதாக அறிவித்தது.

இதற்கெல்லாம் காரணம் தரக்குறைவன்று. இணையவழி விளையாட்டில் ஒருவர் வாங்குவது மென்பொருளை மட்டுமன்று. அங்கே அவருடைய நண்பர்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்து வாங்கிய ஆடைகள் இருக்கின்றன, ஆயிரம் மணி நேரம் செலவழித்துக் கைக்கு வந்த பழக்கம் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் சற்றே நல்ல காப்பி கிடைக்கிறது என்பதற்காக, இருபது வருடமாகக் கூடிப் பேசும் நண்பர் குழாம் டீக்கடையை மாற்றிக்கொள்வதில்லை. மாற்றிக்கொள்ள வேண்டுமானால் எல்லோரும் ஒரே நாளில் மாற வேண்டும். ஆகவே பிரபல வகைமையில் நுழைபவர் முன்னவரைவிடக் கொஞ்சம் மேலாகச் செய்தால் போதாது. ஒரு கூட்டத்தையே பெயர்த்தெடுக்கும் அளவுக்கு மேலாகச் செய்ய வேண்டும். எந்த வழியில் தரத்துக்கான வாசற்படி மிக உயரமோ, அந்த வழிக்குப் பாதுகாப்பான வழி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இங்கே எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்றுகளை எடுத்துக்கொள்ளாமல் நகர்வது நேர்மையாகாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டே முதல் எம்எம்ஓ அன்று. ‘அல்டிமா ஆன்லைன்’ 1997இலும் ‘எவர்க்வெஸ்ட்’ 1999இலும் வந்துவிட்டன. ‘ஃபோர்ட்நைட்’ பேட்டில் ராயலைக் கண்டுபிடிக்கவில்லை. ‘பப்ஜி’ 2017 மார்ச்சில் வெளிவந்து உலகை ஆட்டிக்கொண்டிருந்தபோது, செப்டம்பரில்தான் ஃபோர்ட்நைட் அந்த ஆடுமுறைக்கு மாறியது. சென்னையிலும் மதுரையிலும் பள்ளிப் பிள்ளைகளின் கையில் பரவிய ‘ஃப்ரீ ஃபயர்’ அதற்கும் பிந்தியது. பின்தொடர்ந்தவர்கள் வென்றிருக்கிறார்களே என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய விடை, அவர்கள் எப்படி வென்றார்கள் என்பதில் இருக்கிறது.

எவர்க்வெஸ்ட்டில் இறந்தால், ஈட்டிய அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதி போய்விடும். இறந்த இடத்துக்கே திரும்ப நடந்துபோய்த் தன் பிணத்திலிருந்து உடைமைகளை மீட்க வேண்டும். துணையின்றித் தனியே முன்னேறுவது மிகக் கடினம். வேலைக்குப் போய் வந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டுமே ஆடக்கூடியவருக்கு அங்கே இடமில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் அவருக்கு இடம் கொடுத்தது: தனியாகவே கடைசி நிலை வரை போகலாம், அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை விளையாட்டே சொல்லும், சாவு சிறு தாமதம் மட்டுமே. எவர்க்வெஸ்ட்டின் சந்தாதாரர்கள் சில லட்சம் பேர், 1.2 கோடியை அவர்களிடமிருந்து பறித்திருக்க முடியாது. ஃப்ரீ ஃபயர் விலை குறைந்த, நினைவகம் குறைந்த கைப்பேசிகளிலும் ஓடுமாறு செய்யப்பட்டது. நூறு பேருக்கு மாறாக ஐம்பது பேர், பத்து நிமிடத்தில் முடியும் ஆட்டம். பப்ஜி ஓடாத கைப்பேசி வைத்திருந்தவர்களே அதன் முதல் சொத்து. இவர்கள் பெயரளவில் பிரபல வகைமைக்குள் இருந்தாலும், செய்தது வகைமையின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களைத் தேடிப் போனதே. ஃபோர்ட்நைட்டின் கதை இன்னும் சுவையானது. 2011இல் அறிவிக்கப்பட்ட அது, பகலில் கோட்டை கட்டி இரவில் பிணப்பூதங்களைத் தடுக்கும் ஒரு வினோத விளையாட்டாக ஆறாண்டுக் காலம் எபிக் நிறுவனத்தில் உருண்டுகொண்டிருந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் சுவரும் படிக்கட்டும் எழுப்பும் அந்தத் தொழில்நுட்பம், அந்தத் தோற்றுப்போகவிருந்த புதுமையின் விளைச்சல். இரண்டே மாதத்தில் அதன்மேல் பேட்டில் ராயலைப் பூட்ட முடிந்தது அதனால்தான். அதே எபிக், ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ வழியைப் பின்பற்றி நேர்மையாக, நேர்த்தியாகச் செய்த ‘பாரகன்’ 2018 ஏப்ரலில் மூடப்பட்டது.

‘மார்வெல் ரைவல்ஸ்’ மட்டும் இந்த வாதத்துக்கு உறுத்தலாகவே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கான்கார்ட் மறைந்து மூன்று மாதத்தில், 2024 டிசம்பரில், அதே ஹீரோ ஷூட்டர் வகைமையில் இறங்கி மூன்று நாளில் ஒரு கோடிப் பேரை ஈர்த்தது அது. ஆனால் அது இலவசமாக வந்தது, ஸ்பைடர்மேனையும் அயர்ன்மேனையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. அந்த உரிமம் இல்லாத நிறுவனத்துக்கு அதிலிருந்து கற்பதற்கு ஒன்றுமில்லை. பரம்பரைச் சொத்துள்ளவனின் வாழ்க்கை சிக்கன நூலுக்கு எடுத்துக்காட்டாகாது.

இந்தியாவில் இக்கருத்துக்கு எதிர்பாராத ஒரு பரிசோதனையும் நடந்தது. 2020 செப்டம்பர் 2 அன்று அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தபோது, ஒரு வகைமையின் அரியணை ஆணை ஒன்றினாலேயே காலியாயிற்று. பின்தொடர்பவருக்கு இதைவிட வசதியான தருணம் எங்கும் வாய்த்ததில்லை. அடுத்த குடியரசு நாளில் பெங்களூருவின் என்கோர் நிறுவனம் ‘ஃபௌஜி’யை வெளியிட்டது. தேசப்பற்றும் விளம்பரமும் போதுமான அளவு இருந்தன. ஆனால் நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியாத, கல்வான் பள்ளத்தாக்கில் கைகலக்கும் ஒற்றையாள் ஆட்டமாகவே அது முதலில் வந்தது. 2021 ஜூலையில் பப்ஜி பெயரை மாற்றிக்கொண்டு ‘பிஜிஎம்ஐ’யாகத் திரும்பியபோது, ஆடுபவர்களும் கூடவே திரும்பினார்கள். மக்கள் விரும்பியது வகைமையாக இருந்திருந்தால் பத்து மாதத்தில் வேறொன்றில் நிலைத்திருப்பார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, புதுமையைக் கொடியாக உயர்த்திப் பிடிப்பவர்களுக்கும் இங்கே ஆறுதல் இல்லை. புதிதாக இருப்பதாலேயே ஒன்று நன்றாகிவிடும் என்பவர்கள் எதிர்த்தரப்பின் பிழையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நிண்டெண்டோவைப் புதுமையின் கோயிலாக வழிபடுவோர், 1995இல் சிவப்பு ஒளியில் முப்பரிமாணம் காட்டுவதாக வந்து, ஏழு லட்சத்து எழுபதாயிரம் மட்டுமே விற்று, ஓராண்டுக்குள் கைவிடப்பட்ட ‘விர்ச்சுவல் பாய்’ கருவியை நினைவில் கொள்ள விரும்புவதில்லை. கையிலே இன்னொரு திரையைக் கொடுத்து, அது எதற்கென்று மக்களுக்கு விளக்க முடியாமல் 1.36 கோடியோடு நின்றுபோன ‘வீ யு’வும் அவர்கள் பேச்சில் வருவதில்லை.

விர்ச்சுவல் பாயை வடிவமைத்த குன்பெய் யோகோயிதான் அந்நிறுவனத்தின் மிக ஆழமான கோட்பாட்டையும் வகுத்தவர் என்பது இந்த வரலாற்றின் முரண். பழகிப் பழகி ஈரம் வற்றிப்போன, மலிவான தொழில்நுட்பத்தை எடுத்து, அதற்கு யாரும் நினையாத பக்கத்தில் வேலை கொடுப்பது என்பது அதன் சாரம். கணக்கிடும் கருவிகளின் மலிவான திரவப் படிகத் திரையை வைத்து 1980இல் அவர் தொடங்கிய ‘கேம் அண்ட் வாட்ச்’ 4.34 கோடி விற்றது. 1989இல் வந்த ‘கேம் பாய்’ வண்ணமற்ற, மங்கிய பச்சைத் திரையோடு வந்தது; போட்டியாளர்களான அட்டாரியும் சேகாவும் வண்ணத் திரையோடு வந்து, மின்கலத்தைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தன. வண்ணத்தைவிட, பேருந்திலும் படுக்கையிலும் அணையாமல் இருப்பது பெரிது என்று கேம் பாய் கணித்தது. அதன் வண்ண வடிவத்தையும் சேர்த்து 11.87 கோடி விற்றது. சடோரு இவாதா தலைமையில் 2006இல் வந்த ‘வீ’ கருவியும் இதே பாதைதான்: கணிப்புத் திறனில் சோனி, மைக்ரோசாஃப்ட் கருவிகளுக்குப் பின்தங்கியது, பொத்தான்களைக் கற்க விரும்பாத தாயும் பாட்டியும் கையை வீசினால் பந்து போகும் என்ற ஒன்றை மட்டும் வைத்து 10 கோடியைத் தாண்டியது. இவாதா திரும்பத் திரும்ப வலியுறுத்தியது விளையாடுவோர் தொகையைப் பெருக்குவதைப் பற்றி. புதுமை அதற்குக் கிடைத்த கருவி, அவ்வளவே.

அதே நிறுவனம் பிரபல வகைமைக்குள் போனபோது எப்படிப் போனது என்பதையும் பார்க்க வேண்டும். இணையவழி ஷூட்டர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த 2015இல் ‘ஸ்பிளாட்டூன்’ வந்தது. டோஃபுத் துண்டு போன்ற வெள்ளைக் கட்டிகள் மையைப் பீச்சித் தரையைப் பூசும் ஒரு சோதனை வடிவத்திலிருந்து அது வளர்ந்தது. எதிரியைச் சுடுவதைவிட நிலத்தை வண்ணமாக்குவது வெற்றி என்றானதால், குறிபார்க்கத் தெரியாத சிறுவனும் அணிக்குப் பயன்பட்டான். விற்பனையில் படுத்துவிட்ட வீ யு கருவியில் அது ஏறத்தாழ ஐம்பது லட்சம் விற்றது. கருவி வைத்திருந்த மூவரில் ஒருவர் வாங்கிய கணக்கு அது. வகைமைக்குள் நுழைவது குற்றமென்று இக்கட்டுரை சொல்லவில்லை. வகைமையின் பெயரையே காரணமாகக் காட்டி நுழைவதுதான் குற்றம்.

கூட்டம் விட்டுப்போன இடங்களைப் பற்றி நிர்வாகக் குழுக்கள் யோசிப்பதே இல்லை. முறைவைத்து மாறிமாறித் தாக்கும் ஆட்டங்களுக்குப் பெருஞ்சந்தை போய்விட்டது என்பது பல ஆண்டுகளாக வேதவாக்காக இருந்தது. அந்த ஆடுமுறையை வளர்த்த ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசையே அதைப் படிப்படியாகக் கைவிட்டு 2023இல் முழுச் சண்டை விளையாட்டாக மாறியது. அதே ஆண்டு பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டுடியோ வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ அந்த வேதவாக்கைப் பொய்யாக்கியது. 2025 ஏப்ரலில் பிரான்ஸின் மோன்பெல்லியே நகரிலிருந்து வந்த ‘எக்ஸ்பெடிஷன் 33’ மூன்றே நாளில் பத்து லட்சம் விற்றது. சோனிக்குச் சொந்தமான அசோபி என்ற அறுபது பேர் அளவிலான குழு, பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் குழந்தைகளுக்கென்று கைகழுவிய தாவித் திரியும் விளையாட்டு வகையில் ‘ஆஸ்ட்ரோ பாட்’டைச் செய்து, 2024ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதைப் பெற்றது. அது வெளிவந்த நாள் 2024 செப்டம்பர் 6. அதே நிறுவனம் கான்கார்டை நிறுத்திய அதே நாள்.

இத்தனை சான்றுகள் இருந்தும் இக்கருத்து ஏன் சாகவில்லை என்ற கேள்வி எழுகிறது. அது நிறுவனத்தைக் காப்பதில்லை, முடிவெடுத்தவரைக் காக்கிறது என்பதே இதற்கு நேரான பதில். எல்லோரும் போன வழியில் போய் இருபது கோடி டாலரை இழந்தவருக்குச் சந்தை மாறிவிட்டது என்ற விளக்கம் ஆயத்தமாக இருக்கிறது. யாரும் போகாத வழியில் போய் அதில் பத்தில் ஒரு பங்கை இழந்தவருக்கு எந்த விளக்கமும் இல்லை. விளையாட்டு வடிவமைப்பாளர் வில் ரைட் ‘சிம்சிட்டி’யைக் கொண்டுபோனபோது, வெல்வதும் தோற்பதும் இல்லாத விளையாட்டை எப்படி விற்பது என்று வெளியீட்டாளர் தயங்கினார், பிறகு ரைட்டே ஒரு வீட்டுக்குள் மனிதர்கள் சமைத்து, குளித்து, தூங்குவதைப் பற்றி விளையாட்டு செய்யலாம் என்றபோது சொந்த நிறுவனத்திலேயே நகைத்தார்கள். 2000இல் வந்த அந்த ‘தி சிம்ஸ்’ இரண்டே ஆண்டில் அதுவரை மிக அதிகம் விற்ற கணினி விளையாட்டாயிற்று. நகைத்தவர்களில் ஒருவரும் அதற்காக வேலை இழந்ததாகத் தெரியவில்லை.

நிண்டெண்டோவே இந்தப் பாடத்தை முதலில் கற்றது ஒரு கிடங்கில். விண்வெளியிலிருந்து இறங்கும் எதிரிகளைச் சுடும் ஆட்டங்கள் உலகை ஆண்ட 1980இல், அதே வகைமையில் ‘ரேடார் ஸ்கோப்’ என்ற விளையாட்டைச் செய்து, அமெரிக்கக் கிளைக்கென்று மூவாயிரம் பெட்டிகளைக் கப்பலேற்றியது. பெட்டிகள் மாதக்கணக்கில் கடலில் மிதந்து வந்து சேர்வதற்குள் ஆர்வம் வடிந்துவிட்டது. ஆயிரம் போக, இரண்டாயிரம் தேங்கின. அவற்றில் வேறு எதையாவது ஓட்டித் தரும்படி நிறுவனத் தலைவர் யாமௌச்சி, விளையாட்டு எதையும் அதுவரை சொந்தமாக வடிவமைத்திராத இளைஞர் ஷிகெரு மியாமோட்டோவிடம் ஒப்படைத்தார்; யோகோயி மேற்பார்த்தார். வந்தது ஒரு தச்சன், ஒரு மனிதக்குரங்கு, உருண்டு வரும் பீப்பாய்கள். சுடுவதுமில்லை, புதிர்ப்பாதையில் ஓடுவதுமில்லை, இது எந்த வகை என்றே தெரியவில்லை என்று அமெரிக்க விற்பனையாளர்கள் முகம் சுளித்தார்கள். சியாட்டிலின் இரண்டு மதுக்கடைகளில் தலா ஒரு பெட்டியைச் சோதனைக்கு வைத்தபோது, நாளொன்றுக்கு முப்பது டாலர் அளவுக்குக் கால் டாலர் நாணயங்கள் விழுந்தன. அதன் பிறகு கிளைத்தலைவர் அரகாவாவும் அவர் மனைவியும் விரல்விட்டு எண்ணத்தக்க ஊழியர்களும் கிடங்கில் நின்று, இரண்டாயிரம் பெட்டிகளிலிருந்தும் ரேடார் ஸ்கோப்பின் பலகையைக் கழற்றி ‘டாங்கி காங்’கைப் பொருத்தினார்கள்.